கடற்கொள்ளையர் யார்? வன்னிக் கரையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

முல்லைத்தீவுக் கடலில் இந்திய இழுவைப்படகுகள் வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போனால், அன்றிரவே முகநூலில் "கடற்கொள்ளையர்" என்று பதிவு வருகிறது. அக்கரையில் நாகப்பட்டினத்து மீனவர் படகில் யாரோ ஏறி மீனையும் வலையையும் பறித்தால், அங்குள்ள நாளிதழ்கள் "இலங்கைக் கடற்கொள்ளையர்" என்று தலைப்புப் போடுகின்றன. வரலாறு பேசும் இடங்களிலும் இதே குழப்பம்தான். போர்த்துக்கேயர் அத்தனை பேரும் கடற்கொள்ளையர் என்கிறார் ஒருவர். போர்த்துக்கேயரின் பழைய எழுத்துகளைக் காட்டி, கடலோர முஸ்லிம் வணிகரான மரைக்காயர்களும் யாழ்ப்பாண அரசனின் படகுகளும்தான் கடற்கொள்ளையர் என்கிறார் மற்றவர். இரண்டு பேரிடமும் சான்று இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே சொல்லால் வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவிலிருந்து பாக்குநீரிணை வழியாக முல்லைத்தீவு, கொக்கிளாய் வரை நீளும் இந்தக் கடலில், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் "கொள்ளை" என்பது எப்படி இயங்கியது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறோம். கப்பற்கலையின் நுணுக்கங்களையும் சட்டவாதிகளின் விவாதங்களையும் தள்ளி வைத்திருக்கிறோம்.

ஒரு பெர்மிற்றிலிருந்து தொடங்குவோம்

வன்னியில் ஆற்றுமணல் ஏற்றிய டிப்பரைப் பொலிஸார் மறித்தால் முதலில் கேட்பது பெர்மிற். மணல் எங்கே அள்ளியது, எத்தனை கியூப், எந்த வண்டி, எந்த நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தாள் சரியாக இருந்தால் அது வியாபாரம். தாள் இல்லை, அல்லது எழுதியதற்கு மேல் மணல் இருக்கிறது என்றால், அதே மணல், அதே வண்டி, அதே சாரதி, எல்லாமே குற்றமாகிவிடும். வண்டி பறிமுதலாகும், சாரதி நீதிமன்றம் போக வேண்டும்.

மணல் பெர்மிற்றைக் கொடுப்பது நாட்டின் சட்டத்தால் அமைந்த ஒரு பணியகம். ஆறு பொதுச்சொத்து என்பதால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. இப்போது வேறொன்றை நினைத்துப் பாருங்கள். எங்கிருந்தோ துப்பாக்கிகளோடு வந்த ஒரு கூட்டம் ஏ9 வீதியில் நின்றுகொண்டு, "இனி இந்த வீதியால் நெல் கொண்டு போனாலும் தேங்காய் கொண்டு போனாலும் எங்களிடம் தாள் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் வண்டியும் சாமானும் எங்களுக்கு" என்று சொன்னால் என்ன ஆகும்? நேற்றுவரை நேர்மையாக நெல் ஏற்றியவர் இன்று காலை குற்றவாளி ஆகிவிடுவார். அவர் செய்த வேலையில் ஒரு மாற்றமும் இல்லை.

1502 அளவில் இந்து சமுத்திரத்தில் போர்த்துக்கேயர் தொடங்கி வைத்தது இதைத்தான். அதற்குப் பிறகு "கடற்கொள்ளையர்" என்று எழுதப்பட்டவர்களில் பலர் எதையும் கொள்ளையடித்தவர்கள் அல்லர். தாள் இல்லாமல் கடலில் போனவர்கள்.

முதலில் கடலின் அமைப்பு

கடலை அறியாமல் இந்த வரலாறு விளங்காது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் நீளத்துக்கு மணல் திட்டுகளும் மேடுகளுமாகக் கிடக்கிறது இராமர் அணை. பல இடங்களில் நீர் ஆளுயரம்கூட இல்லை. பாம்பனிலும் மன்னார்த் தீவின் ஓரத்திலும் இருக்கும் ஒடுங்கிய வாய்க்கால்களால் தோணிகள் மட்டுமே நுழைந்து வரலாம். பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாம்பன் வாய்க்காலை ஆழப்படுத்தும் வேலையே 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் காலத்தில்தான் நடந்தது.

இதனால் இரண்டு விளைவுகள். பாக்குநீரிணையில் பெரிய பீரங்கிக் கப்பலுக்கு வேலை குறைவு. தட்டையான அடியும் துடுப்பும் உள்ள சிறு படகே இங்கே வலிமை. அடுத்தது, அந்த ஒடுங்கிய வாய்க்காலை யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவரால் இரு கடல்களுக்கும் இடையிலான சிறு வியாபாரம் முழுவதையும் மறிக்க முடியும். மன்னாரில் கோட்டை எழுந்ததும் பாம்பன் வாய்க்கால் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்குப் பொன் வாசலாக இருந்ததும் இதனால்தான்.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், முல்லைத்தீவுப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடை தொடங்கினால் நேர்மாறு. பாய்த்தோணிகள் காற்றுத் திரும்பும் காலம் பார்த்துக் கூட்டமாகப் புறப்படும். எந்த வாரத்தில், எந்த வழியால் சரக்கு வரும் என்பது கரையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கொள்ளையடிக்க நினைப்பவனுக்கும் தெரியும்.

போர்த்துக்கேயருக்கு முன்பு கடல் சாந்தமாக இருந்ததா?

இல்லை. இதை மறைத்து எழுதுவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் மேற்குக் கரையைக் கடந்த மார்க்கோ போலோ, அங்குள்ள கொள்ளையர்கள் 20, 30 கப்பல்களை ஐந்தாறு மைல் இடைவெளியில் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். ஒரு கப்பல் சரக்குக் கப்பலைக் கண்டால் தீயாலோ புகையாலோ அடுத்த கப்பலுக்குத் தகவல் போகும். நூறு மைல் அகலத்துக்கு ஒரு வலை விரித்ததற்குச் சமம் அது.

நம் பக்கத்துக்கு வந்தால், 1344 இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா வந்த கப்பல் புத்தளம் பக்கம் ஒதுங்கியது. இது யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு, அவர் கொடியவர், கடலில் கொள்ளையடிக்கும் கப்பல்கள் அவருக்கு உண்டு என்று சொல்லி மாலுமிகள் கரையிறங்கப் பயந்தார்கள். இபின் பதூதா இறங்கிப் போய் அரசரைச் சந்தித்தார். அரசர் அவரை மரியாதையோடு வரவேற்று, முத்துகள் கொடுத்து, சிவனொளிபாத மலைக்குப் போக ஆட்களையும் சேர்த்து அனுப்பினார். மாலுமிகளின் வாயில் கொள்ளையர் தலைவன், விருந்தினரின் எழுத்தில் தாராளமான அரசர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பிறகு அதே இபின் பதூதாவை மேற்குக் கரையில் 12 படகுகள் சூழ்ந்து, இலங்கையில் கிடைத்த மணிகள் உட்பட எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன. அவர்களுக்கு அரசனும் இல்லை, தாளும் இல்லை. அது சந்தேகத்துக்கு இடமில்லாத கொள்ளை.

கொள்ளை என்றும் வரி என்றும் எளிதாகப் பிரிக்க முடியாத ஒரு வழக்கமும் இருந்தது. உடைந்து கரையொதுங்கிய கப்பலின் சரக்கில் அந்தக் கரையை ஆளும் அரசனுக்குப் பங்கு உண்டு என்பது அந்த வழக்கம். இதைக் கப்பற்சேத உரிமை என்று அழைப்போம். பல இடங்களில் முழுச் சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதற்கு ஓர் அளவு வைக்கிறது. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டு வரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244 அளவில் வெட்டுவித்த கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முன்னைய அரசர்கள் இப்படிப் பறித்தார்கள், நாம் வழக்கமான சுங்கத்தைத் தவிர வேறு எதையும் எடுக்கமாட்டோம் என்று அது அபயம் தருகிறது. வணிகர் பயந்து வராமல் போனால் துறைமுகம் செத்துவிடும் என்பதை அந்த அரசர்கள் அறிந்திருந்தார்கள்.

சுருக்கமாக: போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பும் இந்தக் கடலில் கொள்ளை இருந்தது. அரசர்கள் வரி வாங்கினார்கள்; ஆனால் பெரும்பாலும் துறைமுகத்திலும் கரையிலும்தான் வாங்கினார்கள். நடுக்கடலில் போகவே அனுமதி வேண்டும் என்பது புதிது.

கார்ட்டாஸ்: தாளின் உள்ளே என்ன இருந்தது

போர்த்துக்கேயர் கொடுத்த கடற்பயண அனுமதித் தாளுக்குக் கார்ட்டாஸ் என்று பெயர். அதில் கப்பலின் அளவு, நகுதா எனப்படும் கப்பல் தலைவனின் பெயர், ஆட்கள் எத்தனை, ஆயுதங்கள் என்ன, எங்கிருந்து எங்கே போகிறது என்பவை எழுதப்பட்டன. எவற்றை ஏற்றக் கூடாது என்பதும் இருக்கும். மிளகு போன்ற வாசனைச் சரக்குகள் போர்த்துக்கேய அரசின் தனி வியாபாரம். வெடியுப்பு, கந்தகம், இரும்பு போன்றவை எதிரிக்கு ஆயுதம் ஆகிவிடும். துருக்கியரை ஏற்றக் கூடாது என்றும் நிபந்தனை வைத்தார்கள்.

தாளின் விலை பெரிய தொகை அல்ல. வணிகனை நெரித்தது அதோடு வந்த கடமை. போகும்போதோ வரும்போதோ போர்த்துக்கேயர் வசமுள்ள ஒரு துறைமுகத்துக்குள் நுழைந்து சுங்கம் செலுத்த வேண்டும். நேர் வழியில் போயிருக்க வேண்டிய கப்பல் சுற்றிப் போகும். காற்றுப் பருவம் தவறினால் ஒரு வருட முதலே முடங்கும். அந்தத் துறைமுகத்தில் இருக்கும் தலைவன் சரக்கைத் தான் சொன்ன விலைக்குக் கேட்டாலும் மறுப்பது கடினம்.

தாள் இல்லாத கப்பல் அகப்பட்டால் சரக்கும் கப்பலும் பறிமுதல். ஆட்கள் கொல்லப்படலாம், அல்லது துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகப் பூட்டப்படலாம். 1502 இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பல் ஒன்றை வாஸ்கோ ட காமா மறித்து, சரக்கைப் பறித்து, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரோடு எரித்தான். இது அரசனின் ஆணையோடு வந்த படைத் தலைவன் செய்த காரியம். ஆகவே சட்டத்தின் கணக்கில் "கடற்கொள்ளை" என்ற பெட்டிக்குள் அடங்காது. அதனால் அது சிறிதும் குறைந்த கொடுமை ஆகிவிடாது. "கடற்கொள்ளை அல்ல" என்பது நற்சான்றிதழ் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த முறை நடைமுறையில் பல இடங்களில் உடைந்தது. ஒரு கோட்டைத் தலைவன் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த தாளை இன்னொரு தலைவன் ஏற்க மறுப்பான். தாளில் எழுதிய ஆயுதத்தை விட ஒரு துப்பாக்கி கூட இருந்தால் போதும், முழுக் கப்பலையும் பறிக்கலாம். பறிப்பவனுக்கு அதில் பங்கும் உண்டு. ஆகவே குற்றம் கண்டுபிடிப்பதில் அவனுக்கே ஆதாயம். முகலாயப் பேரரசின் யாத்திரைக் கப்பல்கள்கூடத் தாள் வாங்க நேர்ந்தது. அந்தத் தாள்களில் மரியாளின் படமும் இயேசுவின் படமும் அச்சிடப்பட்டிருந்தது அங்கே பெரிய மனவருத்தத்தைக் கொடுத்தது.

எல்லோரும் இதை எதிர்த்தார்கள் என்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் மரைக்காயர்களோடு இருந்த பகை காரணமாகப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைத் தாங்களே தேடிப் போனார்கள்; மதமும் மாறினார்கள். அவர்கள் கண்ணுக்குக் கொள்ளையர் வேறு ஆட்கள்.

வேதாளை, மன்னார், குஞ்சாலி

கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் குஞ்சாலி மரைக்காயர்கள். போர்த்துக்கேயரின் எழுத்துகளில் அவர்கள் கடற்கொள்ளையர். சாமூதிரியின் அரசவையில் அவர்கள் தளபதிகள். அவர்களின் சண்டை நம் கடலுக்கும் வந்தது. கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஏழாம் புவனேகபாகு போர்த்துக்கேயர் பக்கம். அவனுடைய தம்பி, சீதாவாக்கை அரசன் மாயாதுன்னை, சாமூதிரியிடம் உதவி கேட்டான். 1538 இல் பட்டு மரைக்காயரும் குஞ்சாலியும் படையோடு இலங்கையை நோக்கி வந்தபோது, மண்டபத்துக்கு அருகே வேதாளைக் கரையில் போர்த்துக்கேயத் தளபதி மார்ட்டிம் அபொன்சோ டி சூசா அவர்களைத் தாக்கித் தோற்கடித்தான்.

மன்னார் போர்த்துக்கேயருக்கு ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதை வேதாளை காட்டுகிறது. இந்த வழியைத் திறந்து விட்டால் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை அரசர்களுக்குப் படை வந்துகொண்டே இருக்கும். 1544 இல் யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்றதை மதப் பகையாக மட்டும் பலர் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் பக்கம் சாய்ந்த ஒரு கடற்கரை தன் அரசின் விளிம்பில் உருவாகிறது என்ற அரசியல் பயமும் அதில் இருந்தது. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1591 இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து வந்த போர்த்துக்கேயத் தளபதி அந்திரே புர்த்தாதோ, வரும் வழியில் குஞ்சாலியின் கப்பல்களையும் தாக்கினான். 1619 இல் யாழ்ப்பாண அரசே வீழ்ந்தது.

குஞ்சாலிகளின் முடிவைக் கவனியுங்கள். நான்காம் குஞ்சாலிக்கும் சாமூதிரிக்கும் பகை மூண்டது. சாமூதிரி போர்த்துக்கேயரோடு சேர்ந்து அவருடைய கோட்டையை முற்றுகையிட்டார். 1600 இல் குஞ்சாலி பிடிபட்டு, கோவாவில் தலை வெட்டப்பட்டார். அதே ஆள், அதே கப்பல்கள். அரசன் கையை எடுத்ததும் தளபதி கொள்ளையராகிவிட்டார்.

சுருக்கமாக: ஓர் ஆயுதக் கப்பல் கொள்ளைக் கப்பலா, போர்க் கப்பலா என்பதைத் தீர்மானித்தது அதன் பின்னால் எந்த அரசன் நிற்கிறான் என்பதும், அந்த அரசனை எதிராளி அரசனாக ஏற்றுக்கொள்கிறானா என்பதுமே.

தாக்குதல் எப்படி நடந்தது

சினிமாவில் காட்டும் பெரிய பாய்க்கப்பலும் மண்டையோட்டுக் கொடியும் இந்தக் கடலுக்குரியவை அல்ல. இங்கே வந்தவை துடுப்பும் பாயும் சேர்ந்த ஒடுங்கிய படகுகள்; ஒன்றில் 30, 40 பேர் இருப்பார்கள். ஆற்று வாய்களிலும் களப்பு முகத்துவாரங்களிலும் ஒளிந்திருந்து, பல படகுகளாகச் சேர்ந்து வெளிவருவார்கள். காற்று விழுந்து பாய்த்தோணி அசையாமல் நிற்கும் வேளைதான் அவர்களுக்கு நல்ல வேளை. பீரங்கி இருந்தால் அது பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும்; ஆகவே பின்புறமாக அணுகி, கொக்கி எறிந்து, ஏறிவிடுவார்கள். துரத்தினால் பெரிய கப்பல் வர முடியாத திட்டுகளுக்குள் ஓடிவிடுவார்கள்.

பலவீனமும் அதே படகில்தான். துடுப்பு வலிப்பவனுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். சிறு படகில் குடிநீர் வைக்க இடம் குறைவு. சில நாளுக்கு ஒருமுறை கரையேறியே ஆக வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள கரைகளைக் காவல் வைத்தால் அவர்கள் திண்டாடுவார்கள். சரக்கை ஏற்றியதும் படகு பாரமாகி வேகம் போய்விடும். காற்று திடீரென்று எழுந்தால் பாய்த்தோணி தப்பிவிடும். முல்லைத்தீவுக் கரை போன்ற ஒதுங்குதுறை இல்லாத திறந்த கடலில், வாடைக் காலத்தில் இப்படிப்பட்ட படகால் நின்று பிடிக்கவே முடியாது.

போர்த்துக்கேயர் எதிர்வழியாக இரண்டு காரியம் செய்தார்கள். தாங்களும் இலகுவான துடுப்புப் படகுகளைக் கட்டினார்கள். வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, ஆயுதக் கப்பல் காவலோடு அனுப்பினார்கள். இந்தக் கூட்டத்துக்குக் காஃபிலா என்று பெயர். மேற்குக் கரையில் ஒரு காஃபிலாவில் நூற்றுக்கணக்கான தோணிகள் போனதுண்டு. காவல் வேண்டுமென்றால் போர்த்துக்கேயர் துறைமுகத்துக்கு வர வேண்டும். கொள்ளையருக்குப் பயந்தவனும் சுங்கம் கட்டுபவனாகிவிடுவான்.

பறித்ததை என்ன செய்தார்கள்? புதையல் பற்றி ஒரு வார்த்தை

வன்னிக் காடுகளில் புதையல் தேடிக் கிடங்கு வெட்டிப் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. "கடற்கொள்ளையர் புதைத்த தங்கம்" என்ற பேச்சும் அதில் கலந்துவிடுகிறது. இந்தக் கடலில் ஓடிய சரக்கைப் பாருங்கள்: அரிசி, துணி, பாக்கு, தேங்காய், கயிறு, சங்கு, கருவாடு, யானை. இவற்றில் எதைப் புதைப்பது? அரிசி நனைந்தால் பழுதாகும். துணி மட்கும். பறித்த சரக்கை உடனே விற்றால்தான் பணம். ஆகவே கொள்ளையருக்கு மிக அவசியமானது கேள்வி கேட்காமல் சரக்கை வாங்கும் ஒரு துறைமுகமும், பங்கு வாங்கிக்கொண்டு கண்ணை மூடும் ஒரு தலைவனும்தான். முத்தும் மணியும்கூட வியாபாரி கையில் இருந்தால்தான் விலை.

இந்த நம்பிக்கையில் பழைய கோயில் அத்திவாரங்களையும் குளக்கட்டுகளையும் வெட்டி நாசமாக்குகிறார்கள். தொல்பொருட் சட்டப்படி அது குற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, நம் மண்ணின் வரலாற்றுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கிடங்கோடு போய்விடுகிறது.

ஒல்லாந்தர் காலம்: கள்ளக்கடத்தலும் வன்னி யானைகளும்

1603 இல் ஒல்லாந்தர் சிங்கப்பூருக்கு அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தார்கள். இது கொள்ளையா என்று கேள்வி எழுந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வாதிட ஹூகோ குரோசியஸ் என்ற சட்ட அறிஞர் அமர்த்தப்பட்டார். கடல் எவருக்கும் சொந்தமல்ல, அதில் போக எல்லோருக்கும் உரிமை உண்டு, அந்த உரிமையைத் தடுத்த போர்த்துக்கேயரே குற்றவாளிகள் என்பது அவருடைய வாதம். 1609 இல் அது அச்சில் வந்தது. இன்றைய கடல் சட்டத்தின் வேர்களில் ஒன்று அது.

1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. கடல் எல்லோருக்கும் சொந்தம் என்று வாதிட்ட கம்பனியே பாக்குநீரிணையில் தோணிகளுக்குத் தாள் கொடுக்கத் தொடங்கியது. கறுவா, யானை, பாக்கு, முத்து, சங்கு எல்லாவற்றையும் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றது. தலைமுறை தலைமுறையாகப் பாக்கும் துணியும் மாற்றிக்கொண்டிருந்த கீழக்கரை மரைக்காயர்களும் யாழ்ப்பாணக் கரையோரத் தோணிக்காரரும் ஒரே ஆணையால் கள்ளக்கடத்தல்காரர் ஆனார்கள்.

இங்கே இரண்டு குற்றங்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தன் சரக்கைத் தீர்வை கட்டாமல் கொண்டு போவது கள்ளக்கடத்தல். அடுத்தவன் சரக்கைப் பலவந்தமாகப் பறிப்பது கொள்ளை. ஆவணங்களில் ஓர் ஆளைப் பற்றிப் படிக்கும்போது அவர் பறித்தாரா, ஒளித்தாரா என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு கேள்வியே பல பேரைக் கொள்ளையர் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துவிடும்.

வன்னிக்கு இதில் என்ன இடம்? பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை போன்ற பற்றுகளின் தலைவர்களான வன்னியர்கள் யாழ்ப்பாண அரசுக்கும், பிறகு போர்த்துக்கேயருக்கும், பிறகு ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் போகும். யாழ்ப்பாணத்தில் விற்பனை நடக்கும்; கோல்கொண்டா வரையிலிருந்து வணிகர் வந்து வாங்குவார்கள். ஊர்காவற்றுறையில் கப்பலேற்றம். தீனியும் தண்ணீரும் குறைந்தால் மிருகம் வழியிலேயே சாகும். ஆகவே அந்தக் கப்பலால் பாதை சுற்றவோ காத்துக் கிடக்கவோ முடியாது. கடலில் மறிக்கப்பட்டால் அதிக நட்டம் வரக்கூடிய சரக்கு இதுதான். கம்பனி கடலைத் தன் கையில் வைத்திருக்க இவ்வளவு பாடுபட்டதற்கு வன்னிக்காட்டு யானையும் ஒரு காரணம்.

வன்னியர்கள் திறையைச் சரியாகக் கொடுக்கவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போனது. 1780களில் நாகல் என்ற ஒல்லாந்த அதிகாரி படையோடு வந்து வன்னியைக் கம்பனியின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தான். பிறகு ஒல்லாந்தரின் இடத்துக்குப் பிரித்தானியர் வந்தார்கள். 1803 ஆகஸ்ட் 25 அன்று வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிரித்தானியரிடமிருந்து பிடித்தான். கடல்வழியாக வந்த ஆட்சி கரையில் ஊன்றிய காலை எடுக்க நடந்த முயற்சி அது. அதைத் தரையில் நடந்த வேறு கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும்.

அரசனின் கடிதத்தோடு கொள்ளை

ஐரோப்பிய அரசர்கள் போர்க்காலத்தில் தனியார் கப்பல்களுக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள்: எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்கலாம், பிடித்ததில் அரசுக்குப் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கப்பலை உரிமக் கொள்ளைக் கப்பல் என்று சொல்லலாம். பிடித்த கப்பல் உண்மையில் எதிரியுடையதா என்பதை ஒரு நீதிமன்றம் தீர்க்க வேண்டும். தவறான கப்பலைப் பிடித்தால் உரிமம் காப்பாற்றாது.

வில்லியம் கிட் என்பவனின் வழக்கு இதை நன்றாக விளக்குகிறது. 1696 இல் அவனுக்கு இங்கிலாந்து அரசனின் உரிமம் இருந்தது; கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்கலாம். 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் கெடா மேர்ச்சன்ற் என்ற கப்பலைக் கண்டு, தானும் பிரெஞ்சுக்காரன் போலப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். அந்தக் கப்பலின் தலைவன் பிரெஞ்சுத் தாளை எடுத்துக் காட்டினான். அக்கால வணிகக் கப்பல்கள் பல நாட்டுத் தாள்களைக் கையில் வைத்திருந்து, மறிப்பவனின் கொடியைப் பார்த்துத் தாளைக் காட்டுவது வழக்கம். "பிரெஞ்சுத் தாள், ஆகவே எதிரிக் கப்பல்" என்று கிட் அதைப் பிடித்தான். ஆனால் சரக்கில் முகலாய அரசவையோடு தொடர்புள்ளவர்களின் பொருள் இருந்தது. முகலாயர் சீறியதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்குத் தன் வியாபாரமே போய்விடும் என்ற பயம் வந்தது. 1701 இல் கிட் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தப் பிரெஞ்சுத் தாள்கள் விசாரணையின்போது கிடைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் ஆவணக் காப்பகத்திலேயே அவை அகப்பட்டன.

நூறு வருடம் கழித்து, 1800 அக்டோபரில், றொபேர் சுர்கூஃப் என்ற பிரெஞ்சுக்காரர் வங்காள விரிகுடாவில் கென்ற் என்ற பெரிய பிரித்தானியக் கப்பலைப் பிடித்தார். பிரித்தானியருக்கு அவர் கொள்ளையர், சொந்த ஊரில் வீரர். 1856 இல் பாரிஸில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி உரிமக் கொள்ளையை ஒழிப்பதாக அறிவித்தன.

இன்றைய சட்டமும் நம் கடலும்

1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 101 ஆவது உறுப்புரை கடற்கொள்ளைக்கு வரைவிலக்கணம் தருகிறது. தனியார் கப்பல் ஒன்றில் இருப்பவர்கள், தனிப்பட்ட நோக்கத்துக்காக, இன்னொரு கப்பலின் மீது, எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் அடங்காத கடலில் செய்யும் வன்முறை அல்லது பறிப்பு. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீற்றர் வரை கரையோர நாட்டின் ஆட்சிக் கடல். அதற்குள் நடந்தால் அது அந்த நாட்டின் சட்டப்படி கொள்ளை. சர்வதேசச் சட்டத்தின் கடற்கொள்ளை அல்ல.

பாக்குநீரிணையை 1974 ஆம் ஆண்டின் எல்லைக்கோடு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே முழுதாகப் பிரித்துவிட்டது. நடுவில் எவருக்கும் சொந்தமில்லாத கடல் இல்லை. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976 ஆம் ஆண்டின் கோடு உண்டு. முல்லைத்தீவுக்குக் கிழக்கே 12 கடல் மைலுக்கு அப்பால் போனால்தான் சர்வதேசக் கடற்கொள்ளை விதிகள் பேச்சுக்கு வரும்.

ஆகவே இழுவைப்படகு வந்து வலையை அறுப்பது கடற்கொள்ளை ஆகாது. அது எல்லை மீறிய மீன்பிடி, அடிமட்ட இழுவைத் தடைச் சட்டத்தை மீறல், சொத்துச் சேதம் என மூன்று குற்றங்கள். பெயர் மாறினாலும் வலை இழந்தவரின் நட்டம் ஒரு சதமும் குறையாது. ஆனால் நட்டஈடு கேட்கும் வழி மாறும். அக்கரை மீனவரின் படகில் ஏறிப் பறித்தவர்களையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அது கோட்டுக்கு எந்தப் பக்கம் நடந்ததோ அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் அதை விசாரிக்கும்.

நடைமுறையில் முறைப்பாடுகள் பலவீனமாவது இந்த இடத்தில்தான். சம்பவம் நடந்த கணத்தில் ஜிபிஎஸ் கருவியின் நிலைப்புள்ளியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; திரையைக் கைபேசியில் படம் எடுத்தால் இன்னும் நல்லது. எதிர்ப்படகின் பதிவு எண்ணையும் நிறத்தையும் எழுதுங்கள். மிஞ்சிய வலைத் துண்டை எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். வலை வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் சங்கத்திலும் கொடுங்கள். அந்த நிலைப்புள்ளியை வைத்துத்தான் சம்பவம் எந்த நாட்டின் கடலில் நடந்தது என்பதும், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதும் தீர்மானிக்கப்படும்.